கற்றாழையின் மஞ்சள் பால்: எங்கள் வீட்டில் நடந்ததும் நான் தெரிந்துகொண்டதும்

வெயில் காலம் வந்தால் எங்கள் பக்கம் சோற்றுக் கற்றாழைக்கு ஒரு மவுசு வந்துவிடும். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கத்திரி பிறந்துவிட்டால் 42 டிகிரி என்பது இங்கே செய்தியே இல்லை. சுற்றிலும் கல் மலை, பாலாற்றில் வெறும் மணல், ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடிச் சுவரைத் தொட்டால் சுடும். உடம்புச் சூடு தணியக் கூழ், மோர், நுங்கு என்று தேடுகிற நேரத்தில் வாசலிலேயே காசில்லாமல் கிடைப்பது கற்றாழை. அந்தக் கற்றாழைதான் போன கோடையில் என் மாமியாரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. வீட்டில் ஆம்பிளைத் துணை இல்லாமல், ராத்திரி நேரத்தில், கையில் காசும் இல்லாமல் நான் பட்ட பாட்டை இன்னொருத்தர் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். கற்றாழையின் நன்மைகளைச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. வெட்டியதும் வடிகிற அந்த மஞ்சள் பாலைப் பற்றி எனக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் வீடு கணியம்பாடிப் பக்கம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். நான் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற பிரிவில் இருக்கிறேன். காலை ஏழு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் வந்துவிடும். வீட்டில் எட்டாவது படிக்கிற பையன், அப்புறம் என் மாமியார். அத்தைக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு. மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொள்வார், நடப்பார், வீட்டு வேலையெல்லாம் செய்வார். செடி வளர்ப்பதில் அவருக்குக் கைராசி. குடியாத்தத்தில் என் அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த இரண்டு கற்றாழைக் கன்றுகளை அவர்தான் பெருக்கி, பழைய பெயிண்ட் வாளி, உடைந்த குடம் என்று கிடைத்ததில் எல்லாம் நட்டு வாசல் முழுக்க நிறைத்து வைத்திருந்தார். வாசல்படிக்கு மேலே திருஷ்டிக்காகத் தலைகீழாகத் தொங்குவதும் எங்கள் செடிதான். தெருவில் யாருக்குத் தீக்காயம் பட்டாலும், முடி கொட்டினாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அதில் அத்தைக்குப் பெருமை.

குடிக்கிற பழக்கம் கத்திரி தொடங்கின சமயத்தில் ஆரம்பித்தது. கற்றாழை குடித்தால் சர்க்கரை இறங்கும், குடல் சுத்தமாகும் என்று ஒரு வீடியோவை யாரோ அத்தையின் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு அத்தை ஒரு மடலை வெட்டி, இரண்டு ஓரத்து முள்ளை மட்டும் சீவிவிட்டு, தோலோடு துண்டு போட்டு, மோர் ஊற்றி உப்புப் போட்டு மிக்ஸியில் அடித்து ஒரு பெரிய டம்ளர் வெறும் வயிற்றில் குடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்கும்போது பார்த்தேன். வெட்டிய இடத்திலிருந்து மஞ்சளாக ஒரு பால் சொட்டுச் சொட்டாக எவர்சில்வர் தட்டில் இறங்கியது. பக்கத்தில் போனால் மூக்கைச் சுளிக்க வைக்கிற ஒரு காரமான நெடி. "இது என்னத்தே, இப்படி வடியுது, கழுவிடலாமா?" என்று கேட்டேன். "அதுதாம்மா சத்து. அது போய்ட்டா அப்புறம் இன்னா இருக்கும், வெறும் தண்ணிதான்" என்றார். தட்டில் இருந்ததையும் வழித்து மிக்ஸிக்குள் ஊற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மேடையில் சிந்தியிருந்த சொட்டு காய்ந்து பழுப்பாகி, தேய்த்தாலும் போகாத கறையாக நின்றது.

சில நாளிலேயே வயிற்றால் போக ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வலி வேறு. எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "வயித்துல இருக்கிற அழுக்கெல்லாம் போவுது, பயப்படாதே, நல்லதுதான்" என்று தைரியம் சொன்னார். அத்தையும் அப்படித்தான் நம்பினார். நடுவில் ஒரு நாள் சர்க்கரை பார்த்ததில் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டியது, அதில் அவருக்கு நம்பிக்கை இன்னும் கூடிவிட்டது. அந்தக் குறைவில் எவ்வளவு கற்றாழையால் வந்தது, எவ்வளவு சரியாகச் சாப்பிடாததால் வந்தது என்பது யாருக்குத் தெரியும்? வயிறு சரியில்லை என்று இரண்டு இட்லியைக் கூட ஒன்றாகக் குறைத்துவிட்டார். மாத்திரையை மட்டும் குறைக்கவில்லை. வழக்கம்போல முழு மாத்திரை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டு வைத்தியத்தில் எதையாவது எடுத்து வயிற்றால் போக ஆரம்பித்தால், அதற்கு "கழிவு வெளியேறுகிறது" என்று பெயர் வைத்து யாராவது சமாதானம் சொல்வார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். வெளியே போவது அழுக்கு மட்டும் இல்லை. தண்ணீரும் உப்புச் சத்துக்களும் சேர்ந்துதான் போகின்றன. வயதானவர்களுக்கு இரண்டு நாளைக்கு மேல் வயிற்றால் போனால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இரண்டு நாள் கூடக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து கால் தசை பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் கல்லாக இறுகி, அத்தை எழுந்து உட்கார்ந்து அழுவார். நான் தைலம் தேய்த்துவிடுவேன். பகலில் "கை காலெல்லாம் ஒரே ஓய்ச்சலா இருக்கும்மா" என்பார். மாடிப்படி ஏறுவது நின்றுபோனது. வெயில்தான் காரணம் என்று நினைத்தோம். அந்த நாட்களில் தெருவில் யாரைக் கேட்டாலும் ஓய்ச்சல்தானே.

அப்புறம் அந்த ராத்திரி. மணி இரண்டு இருக்கும். பையன்தான் எழுப்பினான், "ஆயா ஏதோ பேசிக்கினே இருக்குதும்மா" என்று. போய்ப் பார்த்தால் புடவை, தலையணை எல்லாம் வேர்வையில் நனைந்து கிடக்கிறது. நெற்றியைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை. இறந்துபோன மாமனாரைக் கூப்பிட்டு ஏதோ கேட்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மஸ்கட்டுக்குப் போன் போட்டேன், அவர் எடுக்கவில்லை, தூக்கத்தில் இருந்திருப்பார். எதிர்வீட்டு அக்காவைத் தட்டி எழுப்பினேன். அவர் ஓடி வந்து சூடாகக் காபி போட்டு வாயில் ஊற்றப் பார்த்தார். அதற்குள் நான் 108-க்கு அடித்துவிட்டேன். போனில் இருந்தவரே, "நினைவு சரியில்லாதவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க" என்று சொன்னார். வண்டியில் வந்த தம்பி முதல் வேலையாக விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார். 54. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று சொல்லிக்கொண்டே ஊசி போட்டு குளுக்கோஸ் ஏற்றினார். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் அத்தை என்னைப் பார்த்து, "எங்கம்மா போறோம்?" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

சர்க்கரை ஏறிவிட்டது, காலையில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்த டாக்டர் முகம் மாறியது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.7 என்று வந்தது. 3.5-க்குக் குறையக் கூடாதாம். அதற்கும் கீழே இறங்க இறங்கத் தசைக்குத் தெம்பு போகும், கால் இழுக்கும், கடைசியில் இதயத் துடிப்பே தாறுமாறாகும் என்றார். உடம்பில் தண்ணீர் வற்றியதால், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் அளவும் ரத்தத்தில் கொஞ்சம் ஏறியிருந்தது. ஐசியு பக்கத்தில் ஒரு கட்டிலில் போட்டு, மானிட்டர் மாட்டி, சலைனில் பொட்டாசியம் கலந்து ஏற்றினார்கள். அந்த மருந்து ஏறும்போது நரம்பு எரியும். அத்தை கையை உதறி உதறிக் கத்தினார். நர்ஸ் வந்து வேகத்தைக் குறைத்து, "இதை மெதுவாத்தான் ஏத்தணும்மா, அவசரப்பட்டா இதயத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விடிகிற வரைக்கும் சொட்டுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

காலையில் டாக்டர் வந்து, "புதுசா ஏதாவது மருந்து சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். நாட்டு மருந்து? இல்லை. செடி, கொடி, கஷாயம், ஜூஸ்? அப்போதுதான் அத்தை, "கத்தாழை மோர் குடிக்கிறேன் சார், அது மருந்து இல்லியே" என்றார். டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். அவர் சொன்னதையும், பிறகு அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவில் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கற்றாழை மடலில் இருப்பது ஒரே பொருள் இல்லை. வெளியே பச்சைத் தோல். உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும் சோறு, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான். இந்த இரண்டுக்கும் நடுவில், தோலை ஒட்டினாற்போல் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. மஞ்சள் பால் அதில்தான் இருக்கிறது. அதிலுள்ள அலோயின் என்கிற கசப்புப் பொருள் பெருங்குடலைத் தூண்டிவிட்டு வயிற்றால் போக வைக்கும். அதனால்தான் தோலோடு அடித்தால் இந்த வினை. அத்தை "சத்து" என்று வழித்து ஊற்றியது முழுக்க முழுக்கப் பேதி மருந்து. இந்தப் பாலைக் காயவைத்து எடுப்பதுதான் நாட்டு மருந்துக் கடையில் கறுப்பாகக் கட்டி கட்டியாக விற்கிற கரியபோளம். மூசாம்பரம் என்றும் சொல்வார்கள். நம் பாட்டிமார் அடிபட்ட வீக்கத்துக்கு அதை உரசிப் பற்றுப் போடுவார்கள். சித்த மருத்துவத்திலும் அது இருக்கிறது, ஆனால் சுத்தி செய்து, அளவு பார்த்து, ஆளைப் பார்த்துக் கொடுக்கிற மருந்து அது. சித்தா டாக்டர் அம்மா என்னிடம் அழுத்திச் சொன்னது இதுதான்: "உள்ளே இருக்கிற சோத்தை மட்டும் எடுத்து ஏழு தடவை நல்ல தண்ணியில கழுவணும்னு பெரியவங்க சொன்னது சும்மா இல்ல. அந்தப் பாலும் கசப்பும் போகத்தான்." வீடியோவில் பேசினவருக்கு அந்த ஏழு தடவை நினைவுக்கு வரவில்லை.

அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டிலேயே, டாக்டர் சீட்டில்லாமல் விற்கிற பேதி மாத்திரைகளில் கற்றாழைப் பாலைச் சேர்க்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அது பாதுகாப்பானது என்று காட்டுகிற ஆய்வுகளைக் கேட்டபோது கம்பெனிகள் கொடுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவும், தோலோடு சேர்த்து எடுக்கிற முழு மடல் சாற்றைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்கிற 2பி பட்டியலில் வைத்திருக்கிறது. எலிகளுக்குத் தண்ணீரில் கலந்து நீண்ட காலம் கொடுத்த சோதனையில் குடலில் கட்டி வந்ததை வைத்துச் சொன்னது அது. மனிதர்களுக்கு நிரூபணம் ஆனது என்று அர்த்தம் இல்லை, பயமுறுத்தவும் நான் எழுதவில்லை. ஆனால் தினமும் ஒரு டம்ளர் என்று மாதக்கணக்கில் குடிக்க நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும். கடையில் பாட்டிலில் விற்கிற ஜூஸைக் காட்டி, "அதை மட்டும் குடிக்கலாமா?" என்று கேட்பார்கள். நல்ல முறையில் தயாரிக்கிறவர்கள் கரி வழியாக வடிகட்டி அந்த மஞ்சள் பொருளை ரொம்பச் சொற்பமாக்கிவிடுவார்கள். நம் வீட்டு மிக்ஸியில் அந்த வேலை நடக்காது.

எங்கள் அத்தை விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அவருடைய பிபி மாத்திரையின் பெயர் 'எச்' என்கிற எழுத்தோடு முடிகிறது. அந்த எழுத்து, கூடவே ஒரு நீர் மாத்திரையும் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாம். நீர் மாத்திரை சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். கற்றாழைப் பால் மலத்தின் வழியாக இறக்கும். இரண்டு பக்கமும் ஓட்டை. சர்க்கரைக்கோ, இன்சுலினை அதிகமாகச் சுரக்க வைக்கிற மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தரை தட்டும். கிட்னியும் சோர்ந்துவிட்டால் மாத்திரை உடம்பிலிருந்து வெளியேறாமல் தங்கி இன்னும் இறக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய குற்றவாளி இல்லை, சேர்ந்தபோது ஆளை அடித்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நீர் மாத்திரை, இதயத்துக்குப் போடுகிற டிகாக்சின், சர்க்கரை மாத்திரை, இன்சுலின் இதில் எது இருந்தாலும், டாக்டரைக் கேட்காமல் கற்றாழையை உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். கர்ப்பமாக இருக்கிறவர்கள், பால் கொடுக்கிற தாய்மார், சின்னப் பிள்ளைகள், கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

செலவைச் சொல்கிறேன். ராத்திரியே முன்பணம் 10,000 கட்டச் சொன்னார்கள். என்னிடம் இருந்தது இரண்டாயிரம். விடிகிற வரைக்கும் டைம் கேட்டு, காலையில் என் தங்கச்சியை வரச் சொல்லி, கழுத்துச் செயினை அடகு வைத்துக் கட்டினேன். கட்டில், பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே போனது. என் இஎஸ்ஐ அட்டையில் மாமியார் பெயர் இல்லை. கம்பெனியில் லீவு போட்டதில் சம்பளம் போனது, அந்த மாத வருகை போனஸும் போனது. பணத்தை விட மனசு பட்டதுதான் அதிகம். கேன்டீனில் டீ வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரிடம் போனில் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்ற நேரம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "நீ இருந்ததால அம்மா பொழைச்சாங்க" என்றார் அவர். அது எனக்குப் பெரிய ஆறுதல். இந்தச் செடியின் பூர்வீகமே அவர் இருக்கிற அந்த அரபு நாட்டுப் பக்கம்தான் என்று பிறகு படித்தேன். அங்கே கல் பாறையில் தானாக வளருமாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் பொட்டாசியம் சிரப் குடிக்க வேண்டியிருந்தது. உப்பும் கசப்புமாக, தொண்டையில் எரிச்சலாக இறங்கும். நிறையத் தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பின்னால் கொடுத்தால் வயிறு தாங்கும். அளவைக் கூட்டவும் கூடாது, தானாக வாங்கித் தொடரவும் கூடாது, ஏனென்றால் பொட்டாசியம் ஏறிப்போனாலும் இதயத்துக்கு அதே ஆபத்து. இளநீரில் பொட்டாசியம் இருக்கிறதே என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கிறதுதான். ஆனால் வயிற்றால் போகும்போது சோடியமும் சேர்ந்து போகிறது, இளநீரில் அது குறைவு. அதற்கு ஓஆர்எஸ் தூள்தான் சரி. ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று தட்டிப் போடக் கூடாது.

இவ்வளவு நடந்தும் செடிகளை நான் பிடுங்கிப் போடவில்லை. அத்தையும் விட்டிருக்க மாட்டார். வெளிப் பூச்சுக்கு அது நல்ல செடிதான், இன்றைக்கும் பயன்படுத்துகிறோம். வெட்டுகிற முறையைத்தான் மாற்றினோம். அடியில் இருக்கிற முற்றிய மடலை, தண்டை ஒட்டி வெட்டுகிறோம். நடுக்குருத்தைத் தொடுவதில்லை. வெட்டிய முனை கீழே இருக்கும்படி ஒரு கிண்ணத்தில் சாய்த்து வைத்தால் மஞ்சள் பால் தானாக வடியும். அரை மணி நேரமாவது விட வேண்டும். பிறகு முள் ஓரங்களைச் சீவி, தோலைக் கொஞ்சம் தடிமனாகவே எடுத்துவிட்டு, தோலை ஒட்டிய பச்சை மஞ்சள் திட்டு எதுவும் இல்லாமல் சோற்றை மட்டும் எடுத்து, தண்ணீர் தெளிகிற வரை கழுவுகிறோம். வடிந்த பாலைச் செடியிலேயே ஊற்றிவிடுவேன், துணியில் பட்டால் கறை போகாது. மீந்த சோற்றை மூடி போட்ட டப்பாவில் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். நிறம் மாறி இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ஆனால் கொட்டிவிட வேண்டும்.

தலைக்குத் தேய்க்க, வெயிலில் கறுத்த தோலுக்குத் தடவ, சமையலறையில் லேசாகச் சுட்டுக்கொண்டால் போட என்று பயன்படும். ஆனால் சுட்ட உடனே கற்றாழையைத் தேடி ஓடக் கூடாது. முதலில் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்ட வேண்டும், அதுதான் முதல் வைத்தியம். கொப்புளம் உடைந்திருந்தால், காயம் ஆழமாக இருந்தால், சர்க்கரைக்காரரின் காலில் புண் இருந்தால் எதையும் பூசாமல் டாக்டரிடம் போக வேண்டும். எல்லாத் தோலுக்கும் கற்றாழை ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்ல முடியாது. வெங்காயம், பூண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.

இன்னொன்று, எங்கள் மாவட்டத்தில் வயல் வரப்பிலும் ரயில் பாதை ஓரத்திலும் வேலியாக வளர்வது ஆனைக்கற்றாழை. அது வேறு செடி. மடல் நுனியில் கறுப்பாக ஊசி போன்ற கெட்டி முள் இருக்கும், வெட்டினால் சோறு இருக்காது, நாராக வரும். நார் உரிக்கத்தான் ஆகும். அதன் சாறு பட்டால் தோல் அரித்துக் கொப்பளிக்கும். பெரிய மடலாகக் கிடைக்கிறதே என்று அதை வெட்டி வந்து முகத்தில் பூசிவிடாதீர்கள்.

வளர்ப்பதில் பெரிய வித்தை இல்லை. செம்மண்ணும் மணலும் கலந்து, அடியில் ஓட்டை போட்ட தொட்டியில் வைத்து, மண் முழுக்கக் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். கத்திரி வெயிலில் மடல் சிவந்து சுருங்கினால் மதிய வெயில் படாத இடத்துக்கு நகர்த்தினால் திரும்பப் பச்சையாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் அழுகும். சன்ஷேடுக்குக் கீழே இழுத்துவிடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் வாரம் ஒரு முறை கட்டாயம் கவிழ்த்துவிட வேண்டும், டெங்கு கொசு அந்தத் துளித் தண்ணீரில் பெருகிவிடும். நாய், பூனை வளர்க்கிறவர்கள் அவை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். மஞ்சள் பால் அவற்றுக்கும் ஆகாது, வாந்தியும் பேதியும் எடுக்கும்.

சர்க்கரைக்காரர் இருக்கிற வீட்டில் இரண்டு விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளைகள் உட்பட. திடீரென்று வேர்வை, நடுக்கம், படபடப்பு, சம்பந்தமில்லாத பேச்சு வந்தால் அது சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். விழுங்குகிற நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவு சரியில்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108. என் பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், அவன் ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறான். டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளோடு வீட்டில் சாப்பிடுகிற பொடி, லேகியம், ஜூஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். அவர்களாகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அத்தைக்கு இப்போது அந்த 'எச்' மாத்திரையை மாற்றிவிட்டார்கள், சர்க்கரை மாத்திரையின் அளவையும் குறைத்திருக்கிறார்கள். நீர் மாத்திரை சேர்ந்த பிபி மருந்து சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போகும்போது சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றும் சேர்த்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கால் இழுப்பும் ஓய்ச்சலும் விடாமல் இருந்தால் அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காமல் உடனே போய்ப் பாருங்கள்.